பிள்ளை கைமாறும் இடம்

மனிதன் உயிர்வாழ உணவு, உடை, உறைவிடம் மூன்றும் வேண்டும் என்று வீரலட்சுமியும் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். கோடிட்ட இடத்தை நிரப்பி, டீச்சரிடம் சரி போட்டு வாங்கியவள்தான். ஓசூருக்கு வந்தபின் அந்த மூன்றும் எப்படியோ அமைந்துவிட்டன. கம்பெனி கேன்டீனில் ஒரு வேளைச் சோறு, கம்பெனி தந்த நீலக் கோட்டு, ராயக்கோட்டை ரோட்டோரத்து லைன் வீட்டில் ஓர் அறை. ஆனால் அந்தப் பாடத்தை எழுதிய புண்ணியவான் கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருநாளும் வேலைக்குக் கிளம்பியிருக்க மாட்டார். நீ வெளியே போகிற நேரத்தில் உன் பிள்ளையை வாங்கிக்கொள்ள இன்னொரு ஜோடிக் கை வேண்டும் என்பதை அவர் எழுதாமலே விட்டுவிட்டார்.

வீரலட்சுமிக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைக்குப் பிழைக்கப் போனவர்கள், இவளை அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அத்தை நல்லவள்தான், அடித்ததில்லை. இருந்தாலும் அம்மா வருஷத்துக்கு ஒருமுறை வரும்போது யாரோ விருந்தாளி வந்ததுபோல இவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். ஒருமுறை அம்மா அதைப் பார்த்து அழுததும் இவளுக்கு நினைவிருக்கிறது. அதனால் தன்ஷிகா பிறந்ததும் வீரலட்சுமி புருஷன் ஆனந்திடம் ஒன்றைத்தான் கறாராகச் சொன்னாள். கஞ்சி குடித்தாலும் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழேதான் குடிக்க வேண்டும், பிள்ளையை யார் வீட்டிலும் விட முடியாது.

சொல்லிவிட்டாள். சொல்வதற்கு என்ன, வாய்தானே! ஓசூரில் ஒருவர் சம்பளம் வீட்டு வாடகைக்கும் பால் பாக்கெட்டுக்கும் ஈடுகொடுக்காது என்பது மூன்றே மாதத்தில் தெரிந்துவிட்டது. இவளும் வேலைக்குப் போனால்தான் இந்த ஊரில் நிற்க முடியும். இல்லையென்றால் ஆனந்தை இங்கே விட்டுவிட்டு, பிள்ளையோடு சாத்தூருக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

வேலை கிடைப்பது பெரிய பாடாக இல்லை. செல்போனுக்கு உதிரிப் பாகம் பொருத்துகிற கம்பெனி ஒன்றுக்கு ஆள் பிடித்துத் தரும் கான்ட்ராக்டர், பெண்கள் வேண்டும் என்று ஊரெல்லாம் போர்டு வைத்திருந்தான். போய் நின்றால் முதல் கேள்வியே கல்யாணம் ஆகிவிட்டதா என்பதுதான். ஆனவள் அடிக்கடி லீவு கேட்பாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பாள், மாமியார் செத்துவிட்டாள் என்பாள், எதற்கு வம்பு என்று அவனுக்குக் கணக்கு. ஆபத்துக்குப் பாவமில்லை என்று வீரலட்சுமி, கல்யாணம் ஆகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து, உள்ளே மறைத்திருந்த தாலியைக் கழற்றினாள். ஆனந்த் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மெட்டியைக் கழற்றிய விரலில் வெள்ளையாக ஒரு தடம் கிடந்தது. நல்லவேளை, கம்பெனியில் ஷூ.

ஆனந்துக்குச் சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அவனுக்குக் காலை ஷிஃப்ட் என்றால் இவளுக்கு மதியம், அடுத்த வாரம் தலைகீழ். எந்த வாரமானாலும் பிள்ளை கைமாறுவது ஒரே இடத்தில்தான். ராயக்கோட்டை ரோட்டில் பஸ் நிற்குமிடத்தில் மாதேஷ் என்பவரின் பேக்கரி இருக்கிறது. முன்னால் கைமாற்றினால் கம்பெனி பஸ்ஸில் இருப்பவர்கள் பார்த்துவிடுவார்கள். அதனால் பேக்கரிக்குப் பின்னால், முட்டை அட்டைகள் அடுக்கிக் கிடக்கிற சந்தில். இவளுக்கு மதிய ஷிஃப்ட் என்றால் ஆனந்தின் பஸ் முதலில் வரும். அவன் இறங்கி ஓடிவந்து பிள்ளையை வாங்குவான். பிள்ளையோடு சேர்த்து ஒரு சுருக்குப்பையில் தாலியையும் கொடுத்துவிட்டு, இவள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்பக்கம் வந்து கன்னிப்பெண்ணாக நிற்பாள். கொஞ்ச நேரத்தில் இவள் பஸ் வந்துவிடும்.

அந்தச் சந்தில் இவள் மட்டும் இல்லை என்பதுதான் வேடிக்கை. காவேரிப்பட்டணத்துச் சுகுணாவும், குப்பம் பக்கத்திலிருந்து வந்த தெலுங்குக்காரி சரிதாவும் அங்கேதான் பிள்ளை மாற்றினார்கள். மூவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே பொய். அவர்கள் புருஷன்மாரும் ஆனந்த் வருகிற பஸ்ஸில்தான் வந்தார்கள். ஆனால் சந்தில் ஒருத்தி ஒரு மூலையில் திரும்பி நிற்பாள், இன்னொருத்தி இன்னொரு மூலையில். பஸ்ஸில் ஏறிவிட்டால் ஒருவரையொருவர் தெரியாது. ஒருத்தி மாட்டினால் மற்றவளும் மாட்டுவாளே என்ற பயம். போன் நம்பர்கூட வாங்கிக்கொண்டதில்லை. ஒரே பள்ளத்தில் விழுந்து கிடந்துகொண்டு, ஒருத்திக்கு ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டிருந்த இந்த மூன்று கெட்டிக்காரிகளை என்னவென்று சொல்வது!

வேலை நடுவில் மார்பு கட்டிக்கொள்ளும். கோட்டுக்குள் மடித்து வைத்த துணி நனைந்துவிடும். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தொட்டியில் பாலைப் பீய்ச்சிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவாள். அங்கே பிள்ளை புட்டிப்பாலுக்கு அழுகிறது, இங்கே தாய்ப்பால் சாக்கடைக்குப் போகிறது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி லைனில் நிற்பாள்.

லைன் வீட்டுக்காரம்மா ராஜாத்தியிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். தக்காளி போட்ட நிலத்தில் லைன் வீடு கட்டி விட்டிருக்கிற குடும்பம். "வாடகைக்கு வூடு குடுத்தோம், அவ்ளோதான் கண்ணு. நாளைக்கி புள்ளைக்கி ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னான்னு பதில் சொல்றது?" என்றார் ராஜாத்தி. அவர் சொன்னதிலும் குற்றமில்லை. பக்கத்து அறைகளில் வடநாட்டுப் பையன்கள், அவர்களும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். இத்தனை ஜனம் நெருக்கியடிக்கிற ஊரில் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொள்ள ஆள் இல்லை.

இதற்கிடையில் தன்ஷிகாவுக்கு இரண்டு முறை காய்ச்சல் வந்து, இரண்டு முறையும் இவள் சொல்லாமல் நின்றுவிட்டாள். கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருக்கிற கோவிந்தன் கூப்பிட்டு, "இன்னொரு தபா இப்பிடி நின்னன்னா, கார்டைக் குடுத்துட்டு போயிக்கினே இரு" என்று எச்சரித்து அனுப்பினான்.

அந்த இன்னொரு தடவை ஆனி மாதத்தில் வந்தது. புழுதியை வாரி இறைக்கிற காற்று. மூன்று பேரும் சந்தில் நின்றிருந்தார்கள். ஆனந்தின் பஸ் வரவேண்டிய நேரம் தாண்டியது. போன் அடித்தது.

"வீரா, சூளகிரிக்கு இந்தப் பக்கம் மாம்பழ லாரி கவுந்துருச்சு. பழத்தக் கூழாக்குற ஃபேக்டரிக்குப் போற லாரி. ரோடு பூரா பழம். சனம் சாக்கத் தூக்கிட்டு ஓடியாருது. பஸ்ஸு அசைய மாட்டேங்குது."

"எம்புட்டு நேரமாகும்?"

"கிரேன் வரணுமாம். தெரியல தாயி."

அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். சுகுணாவும் சரிதாவும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை மாதத்தில் அன்றுதான் மூவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க வூட்டுக்காரரும் அதுலதான வர்றாரு? என்னாவாம்க்கா?" என்றாள் சுகுணா.

வீரலட்சுமி சொன்னாள். சரிதாவின் கையில் இருந்த ஆண்குழந்தைதான் மூன்றிலும் சின்னது. அவள் அதை இறுக்கிக்கொண்டு, "தேவுடா! நானு ட்ரைனிங்ல இருக்கேன்க்கா. ட்ரைனிங்ல ஒருநாள் நின்னா எடுத்துடுவாங்க" என்று அழ ஆரம்பித்தாள்.

"அழுவாத. எனக்கு மட்டும் என்னா? அடுத்த மாசம் கான்ட்ராக்ட்லேர்ந்து கம்பெனி ரோல்ல பேரு ஏறப் போவுது. ஏழெட்டு மாசமா அதுக்காகத்தான் நாயா ஒழைக்கிறேன். பெரியவள ஊருல எங்கம்மாகிட்ட வுட்டுட்டு, இவள இழுத்துக்கினு திரியறேன்" என்றாள் சுகுணா. நடக்கத் தொடங்கியிருந்த அவள் மகள் முட்டை அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

வீரலட்சுமி பேக்கரிப் பின்கதவைத் தட்டினாள். மாதேஷ் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, உள்ள அடுப்பு எரியுது, எண்ண கொதிக்குது. மூணு புள்ளைங்கள நான் எங்கம்மா வெச்சுக்கறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பன்னை எடுத்துவந்து சுகுணாவின் மகள் கையில் கொடுத்துவிட்டு மறுபடி அடுப்புக்குப் போனார்.

"ஒருத்தி நின்னா மூணு புள்ளையையும் பாத்துக்கிறலாம். மத்த ரெண்டு பேரும் போயிரலாம்" என்றாள் வீரலட்சுமி.

நல்ல யோசனைதான். ஆனால் சொல்லும்போது அவள் கண் சுகுணாவைப் பார்த்தது. சுகுணா சரிதாவைப் பார்த்தாள். சரிதா தரையைப் பார்த்தாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இவர்கள் தாயும் பிள்ளையும்கூட இல்லை, பேரைத் தவிர ஒன்றும் தெரியாத மூன்று பேர்.

ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது.

வீரலட்சுமியின் உடம்பு அவளைக் கேட்காமலே ஆயத்தமானது. இடுப்பில் இருந்த தன்ஷிகாவை இறக்கப்போய், யார் கை நீளும், யார் மடியில் போட்டுவிட்டு ஓடலாம் என்று பார்த்தாள். சத்தியமாக அதைத்தான் பார்த்தாள். அதற்குள் சுகுணா மகளை இவள் காலடியில் தள்ளி, "ஆயா வூட்டுக்குப் போலாம், அக்காகிட்ட இரு" என்று ஏதோ உளறிவிட்டு, அடையாள அட்டையை மாட்டிக்கொண்டே ஓடினாள். "அக்கா, உன் காலப் புடிச்சுக்கறேன்க்கா" என்று சரிதா பிள்ளையை இவள் தோளில் சாத்தினாள். கை தானாக வாங்கிக்கொண்டது. விழும் பிள்ளையை வாங்காத கை எங்கே இருக்கிறது? சரிதாவும் ஓடிவிட்டாள்.

ஒரு தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்று. வீரலட்சுமி சந்து முனைவரை வந்தாள். அதற்குமேல் ஓரடி வைத்தால் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். கடைசியில் ஏறிய சரிதாவுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. ஜன்னலோரம் உட்கார்ந்த சுகுணா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"நாசமாப் போவீகடி!" என்று கத்தினாள். "உங்க பொழப்புல மண்ணு விழ! எம் பொழப்பக் கெடுத்துட்டுப் போறீகளேடி!" கேட்க யாருமில்லை. சுகுணாவின் மகள் பன்னைக் கடிப்பதை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. மறுநிமிஷம் மூன்றும் சேர்ந்து அழத் தொடங்கின.

சுகுணாவின் மகள் பன்னோடு சமாதானமானாள். தன்ஷிகா முட்டை அட்டையோடு சமாதானமானாள். சரிதாவின் பிள்ளைதான் அடங்கவில்லை. பால் புட்டி சரிதாவின் பையில், பை சரிதாவின் தோளில், சரிதா பஸ்ஸில். மாதேஷ் ஒரு டம்ளரில் பாலை ஆற்றிக் கொடுத்தார். வீரலட்சுமி விரலில் தொட்டு வைத்துப் பார்த்தாள். பிள்ளை துப்பியது. முதுகைத் தட்டிக்கொண்டு சந்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அழுது அழுது அதற்குக் குரல் கம்மிப்போய், வாய் மட்டும் திறந்து மூடியது. முகம் கருத்துவிட்டது.

சாகட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். உன் ஆத்தா செய்த வேலைக்கு நீ அனுபவி என்று நினைத்தாள். நினைத்த கையோடு நெஞ்சு பதறிப்போயிற்று. அது என்ன பாவம் செய்தது? அதற்கு யார் வேலைக்குப் போனார்கள், யார் ஏமாந்தார்கள் என்பதெல்லாம் தெரியுமா? தன் மார்பு கட்டிக்கொண்டு வலிப்பதை அப்போதுதான் உணர்ந்தாள். இந்நேரம் கம்பெனிக் கழிப்பறையில் பீய்ச்சிவிட வேண்டிய பால்.

முட்டை அட்டைகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கோட்டுப் பொத்தானைக் கழற்றினாள். பிள்ளை இரண்டு தடவை தலையை ஆட்டிவிட்டுக் கவ்விக்கொண்டது. இத்தனை சின்ன வாய்க்கு இத்தனை பலமா என்று இருந்தது. வீரலட்சுமிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே பால் கொடுத்தாள்.

அப்போதுதான் கோவிந்தன் போனில் கூப்பிட்டான்.

"என்னாம்மா வீரலட்சுமி, உன் கார்டு பஸ்ஸுல பதிவாவல. வண்டிய வுட்டுட்டியா?"

அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"சரி, வுடு. இன்னிக்கி ஆளு கொறச்சலு. ஆட்டோ புடிச்சி ஒடனே வந்துடு. கேட்டுல நான் சொல்லி வெக்கிறேன்."

சாமி வரம் கொடுத்தது போலத்தான் இருந்தது. ஆனால் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே! மடியில் ஒன்று, பக்கத்தில் இரண்டு. ஆட்டோவுக்குள் ஏற ஒருத்திக்குத்தான் வழி. அவள் வாயைத் திறப்பதற்குள் தன்ஷிகாவுக்குப் பொறுக்கவில்லை. தன் இடத்தில் வேறொரு பிள்ளை படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, இவள் கையைப் பிடித்து இழுத்து "ம்மா, ம்மா" என்று வீறிட்டது.

"அதென்னா சத்தம்? புள்ள அழுவுது?"

வீரலட்சுமி தன்ஷிகாவைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"பக்கத்து வூட்டுப் புள்ளையா?" என்றான் கோவிந்தன். கேட்ட விதத்திலேயே பதிலையும் எடுத்துக் கையில் கொடுத்தான். அவள் ஆமாம் என்று சொன்னால் போதும். காய்ச்சல் என்று இன்னொரு பொய்யைச் சேர்த்தால், இன்றைய நாளை அவனே எப்படியாவது சரிக்கட்டிவிடுவான். ஒரே ஒரு ஆமாம்.

தன்ஷிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அழுத முகத்தோடு அவளையே பார்த்தது. கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்ட பிள்ளை இவள். பெற்ற பிள்ளையைப் பார்த்து நீ பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று எப்படிச் சொல்வாள்?

"எம்புள்ள சார்."

"என்னாது?"

"எம்புள்ளதான். மூணு புள்ளைக இருக்கு. மூணும் எம்புள்ளைகதான்."

அந்த முனையில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"கல்யாணமே ஆவலன்னுதானம்மா எழுதிக் குடுத்த?"

"பொய்யிதான் எழுதுனேன். வயித்துப்பாட்டுக்கு எழுதுனேன்."

"ஏம்மா, இத போயி எங்கிட்ட எதுக்கும்மா சொன்ன?" கோவிந்தன் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "இந்த போன்ல பேசறதெல்லாம் ரெக்கார்டாவுது. நான் என்னா பண்ணட்டும்? நாளைக்கி கார்டக் கொணாந்து குடுத்துடு."

போனைக் கீழே வைத்தாள். இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. சாத்தூர் ரயில் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனந்த் லைன் வீட்டு அறையில் தனியாகச் சோறு வடித்துத் தின்பது தெரிந்தது. வருஷத்துக்கு இரண்டு முறை அவன் ஊருக்கு வரும்போது தன்ஷிகா கதவுக்குப் பின்னால் ஓடுவதும் தெரிந்தது. சுகுணாவையும் சரிதாவையும் மறுபடி திட்டலாம் என்று பார்த்தாள், வாய் வரவில்லை. அவர்கள் ஓடாமல் இருந்திருந்தால் இவள் ஓடியிருப்பாள். ஓட்டத்தில் ஒரு நொடி பிந்திவிட்டாள், அவ்வளவுதான். பிந்தியவள் மடியில் பிள்ளைகள் சேர்ந்துவிட்டன.

பஸ் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இறங்கியவர்கள் கையிலெல்லாம் மாம்பழம். சாப்பாட்டுப் பையில், ஹெல்மெட்டில், சட்டையை மடித்து அதற்குள். ஆனந்தும் இரண்டு பழத்தோடு ஓடிவந்தான். "உனக்குன்னு..." என்று தொடங்கியவன், கோட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து நின்றுவிட்டான்.

"நீ போகலயா?"

"இல்ல."

"வேலை?"

"போச்சு."

ஆனந்த் பழங்களைக் கையில் வைத்துக்கொண்டே அவளுக்கு எதிரில் குந்தினான். தன்ஷிகா அவன் தோளில் ஏறிக்கொண்டது. சுகுணாவின் புருஷன் விஷயத்தைப் புரிந்துகொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு போனான்.

சரிதாவின் புருஷன் சுரேந்தர் கடைசியாக வந்தான். பிள்ளையை வாங்கக் கையை நீட்டியவன், அது எங்கே இருக்கிறது, என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்தான். நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். திரும்பி, ரோட்டைப் பார்த்தபடி, சந்து வாயை மறைத்துக்கொண்டு நின்றான். அவன் தோள் குலுங்கியது.

"நாளைக்கு என்ன செய்யுறது வீரா?" என்றான் ஆனந்த், மெதுவாக.

பிள்ளை இன்னும் விடவில்லை. வீரலட்சுமி அதன் நெற்றி வியர்வையைக் கோட்டுக் கையால் துடைத்துவிட்டு, திரும்பி நிற்பவனின் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"செத்த நில்லுங்க, இன்னும் பசி அடங்கல. சரிதாகிட்டச் சொல்லுங்க, நாளைக்கு ஓடும்போது பால் புட்டிய எங்கிட்ட வச்சுட்டு ஓடச் சொல்லுங்க."